சொந்தக் காலில் நிற்கிறவர்

“எவன் தோளும் எனக்கு வேண்டாம், என் காலில் நான் நிற்பேன்” என்று தோன் எவாரிஸ்தோ லுவேனோ முற்றத்தில் நின்று பாடுவார். நிற்பது ஒற்றைக் காலில். மற்றொரு கால் மனைவியின் மடியில் இருக்கும். ஒப்துலியா தரையில் மண்டியிட்டு அந்தக் காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டிருப்பாள். சாய்ந்து விழாமலிருக்க அவர் தன் கையை அவள் தலைமேல் ஊன்றிக்கொள்வார், சந்தையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்போல.

சான் கஸ்பார் என்ற மலையூரில் சனிக்கிழமை சாயங்காலமானால் இதுதான் வழக்கம். மரியாச்சிப் பாடகர்கள் போடும் கால்சட்டை தொடையைக் கவ்விப் பிடிக்கும் பிடியில் மனிதன் குனிய முடியாது. குனிந்தால் தையல் விடும். விட்டால் அதையும் ஒப்துலியாதான் தைக்க வேண்டும். ஆகவே அவள் குனிவாள், அவர் பாடுவார்.

பாட்டெல்லாம் அவரே கட்டியது. முப்பதுக்குக் குறையாது, பொருள் என்னவோ ஒன்றுதான். நான் யாருக்கும் தலைவணங்க மாட்டேன், எனக்கு யாரும் தேவையில்லை, நீ போனால் போ. ராஞ்சேரா நாட்டுப்பாட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. “அழுவுற பாட்ட எவன் வேணாலும் எழுதலாம். நிமிந்து நிக்கிற பாட்ட எழுத, நிமிந்து நிக்கிற ஆளு வேணும்” என்பார். சொல்லிவிட்டு மீசையைத் தடவுவார். அறுபத்திரண்டு வயதில் காக்கைச் சிறகுபோல் மின்னும் அந்த மீசைக்கு, பதினைந்து நாளுக்கொருமுறை சின்னத் தூரிகையால் சாயம் பூசுபவளும் ஒப்துலியாவேதான்.

பாட்டுக்குப் பாட்டு ஒரு குதிரை வரும். கறுப்புக் குதிரை, அல்லது புள்ளி போட்ட குதிரை; எஜமானுடைய காதல் தோல்வியைப் புரிந்துகொண்டு கண்ணீர் விடும் குதிரை. நிஜக் குதிரைமேல் அவர் ஏறி ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவர் பாட்டுக் குழுவில் தொப்பைக் கித்தார் வாசிக்கும் நிக்கனோரின் பழைய வண்டியில் போகும்போதே, மலை வளைவுகளில் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவார்.

வீடு மாமனார் கட்டியது. தொப்பி சிகாகோவிலிருக்கும் மகன் அனுப்பியது. காப்பி எந்தப் பாத்திரத்தில் கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இருந்தும் மேடையில் ஏறி நெஞ்சில் கைவைத்து, “வெறுங்கையோடு வந்தவன், வேறெவர் கையும் தொடாதவன்” என்று இழுத்தாரானால் சந்தைத் திடலே குலுங்கும்.

“பாட்டுல ராஜா, வீட்டுல கூஜா” என்பாள் ஃபிதென்சியா. “யாராவது தூக்கிட்டுப் போனாத்தான் நகரும்.”

ஃபிதென்சியா, ஒப்துலியாவின் தங்கை. அதே முற்றத்தின் எதிர்ப் பக்கத்து அறையில் இருக்கிறாள். கோயில் மூலையில் அடுப்பு போட்டு, உள்ளே மொச்சையும் மிளகாய்க் கறியும் அடைத்த தடித்த சோள ரொட்டி சுட்டு விற்கிறாள். அவள் ரொட்டியைவிட நாக்கு காரம் என்று ஊரில் பேச்சு. ஆனால் அக்காள் புருஷன்மேல் அவளுக்கு இருந்த இளக்காரம் வெறும் நாக்குக் காரத்தில் வந்ததல்ல.

அவள் கணவன் மெலித்தோன், தோன் எவாரிஸ்தோவின் பாட்டுக்கு அடிமை. கல் உடைக்கிற வேலை. சர்க்கரை வியாதிக்காரன், ஒருநாள் குதிகாலில் ஒரு புண் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சியபோது, “ஆம்பள நொண்டிக்கிட்டு டாக்டர்ட்ட போய் நிப்பானா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தான். என் காலில் நான் நிற்பேன். கால் கறுத்தது, காய்ச்சல் வந்தது, ஆள் போனான். அடக்கத்தின்போது தோன் எவாரிஸ்தோ முழு உடுப்பில் வந்து குழிக்கருகே நின்று அதே பாட்டைப் பாடினார். “மெலித்தோன் கடைசிவரைக்கும் யாருக்கும் வளையலப்பா, அவன்தான் ஆம்பள” என்று ஊரே மூக்கைச் சிந்தியது. ஃபிதென்சியா அழவில்லை. பாடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன செப்டம்பரில், சான் மிகேல் திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, ஒப்துலியா ஒரு காலுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டு இரண்டாவதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் மாட்டவில்லை.

“வியாழக்கிழமை கண்ணுல கத்தி வைக்கறாங்க. நீயும் வரியா கிழவா?”

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கொஞ்ச நாளாகவே வீட்டு வேலையைக் கைப்பழக்கத்தில் செய்து, ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். மகள் கிரிசெல்தா சக்காதேகாஸ் நகரத்தில் இருக்கிறாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தது.

“வியாழக்கிழமையா? சனிக்கிழமை திருவிழாக் கச்சேரி. தொண்டைக்கு ஓய்வு வேணுமே.”

“நீ பாட வேணாம். கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திரு, போதும். கண்ணக் கட்டிடுவாங்களாம்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

எதிர்ப் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஃபிதென்சியாவின் கை நின்றது. பிரசவத்துக்கும் பயப்படாதவள் அவள் அக்காள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து ஃபிதென்சியா அன்றுதான் கேட்டாள்.

அந்நேரம் பார்த்து வாசலில் நிக்கனோரும் குழு ஆட்களும் வந்து நின்றார்கள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றால் தோன் எவாரிஸ்தோவின் மார்பு தானாக விரியும். “நான் பாடகன், ஊன்றுகோல் இல்ல” என்றார். அதோடு விட்டிருக்கலாம். கழுத்தைத் தூக்கி, “போகிறவள் போகட்டும், கதவு திறந்தே கிடக்கு, போனவளைத் தேடி என் நிழல்கூட நடக்காது!” என்று ஒரு இழுப்பு இழுத்தார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கித்தாரில் ஒரு தட்டுகூடத் தட்டினான்.

ஒப்துலியா அந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். அது தன்னைப் பார்த்துப் பாடப்படுவதை அன்றுதான் கேட்டாள். கையிலிருந்த பூட்ஸைத் தரையில், நுனி அவர் பக்கமாக இருக்கும்படி ஒழுங்காக வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தொட்டியில் கை கழுவினாள். உள்ளே போய்விட்டாள்.

“ஏய், இன்னொரு கால் இருக்குல்ல?”

பதில் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. “அது உங்க சொந்தக் கால்தானே மச்சான். நீங்களே நின்னுக்குங்க.”

ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூச்சை அடக்கிக் குனிந்து பார்த்தார். பின்பக்கம் ‘பர்ர்’ என்றது. கடைசியில் நிக்கனோர் தொப்பைக் கித்தாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாய்க்குள் ஏதோ திட்டியபடி மண்டியிட்டார்.

புதன்கிழமை காலை ஒப்துலியா ஒரு பையோடு பேருந்து ஏறினாள். ஃபிதென்சியா கூட வருகிறேன் என்றதற்கு, “திருவிழா யாவாரத்த விடாத. கிரிசெல்தா பாத்துக்குவா” என்று தடுத்துவிட்டாள். தோன் எவாரிஸ்தோ வழியனுப்ப வரவில்லை. வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து, பேருந்து மலை இறங்கும் சத்தம் அடங்கும்வரை மேல்ஸ்தாயியில் சாதகம் செய்துகொண்டிருந்தார்.

சான் மிகேல் இரவில் திடலில் நிற்க இடமில்லை. கால்சட்டைக் கிழிசலை ஊக்கு போட்டுப் பிடித்திருந்ததால் அவர் கடைசிவரை கூட்டத்துக்கு முதுகைக் காட்டவேயில்லை. “மக்களுக்கு முதுகு காட்டாத கலைஞன்யா” என்று மறுநாள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அவர் “எனக்கெவர் தயவும் வேண்டாம்” என்று முழங்கும்போது ஆண்களெல்லாம் தொப்பியைக் கழற்றி வீசிக் கூவினார்கள். வீசிய தொப்பிகளைப் பொறுக்கியவர்கள் பெண்கள். இறைச்சிக் கடை ரொசெந்தோ மனைவியின் தோளில் முகம் புதைத்து, “ஒருத்தரும் வேணாம்டீ எனக்கு, ஒருத்தரும் வேணாம்” என்று தேம்பினான். அவள் ஒரு கையில் அவன் தொப்பியையும் வண்டிச் சாவியையும், மறு கையில் தாளில் மடித்த அவன் பல்செட்டையும் வைத்துக்கொண்டு, “சரி சரி, வேணாம் வேணாம்” என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஃபிதென்சியா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி அதைப் பார்த்தாள். இந்த ஊரில் நிமிர்ந்து நிற்கிற ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் பின்னால் ஒருத்தி முட்டுக்கொடுத்து நிற்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை, கருகல் வாசனைதான் வந்தது.

மறுநாள் அக்காளிடமிருந்து போன் வந்தது. “ஃபிதே, எதிர்ச் செவத்துல பல்லி ஓடுது, தெரியுதுடீ! கிரிசெல்தாவுக்கு நரை வந்திருக்கு, எங்கிட்ட யாருமே சொல்லலியே!” என்று சின்னப் பெண்போலக் கத்தினாள். அடுத்த கண்ணுக்கும் நாள் குறித்தாயிற்று. அதுவரை அங்கேயே இருப்பாளாம். அதற்கப்புறம்? “அப்புறமும் இங்கதான். இங்க எனக்கு மண்டி போடற வேல இல்ல” என்றாள்.

“நான்தான் அனுப்பினேன்” என்று ஊர் முழுக்கச் சொன்னார் தோன் எவாரிஸ்தோ. “கொஞ்ச நாள் மகளோட இருந்துட்டு வாடீன்னு நான்தான் சொன்னேன்.” சொல்லும்போது சட்டையில் மேல் பொத்தான் கீழ் ஓட்டையில் மாட்டியிருக்கும். காப்பி வைக்கப் போய்ப் பாத்திரத்தைத் தீய்த்தார். மீசைக்குச் சாயம் பூசப் போய் மேலுதட்டுக்குப் பூசிக்கொண்டு நான்கு நாள் கைக்குட்டையோடு திரிந்தார். கேட்டவர்களிடம் பல்வலி என்றார். சாப்பாட்டு நேரத்தில் கோயில் மூலைக்கு வந்து அடுப்பருகே நிற்பார்.

“பசியா மச்சான்?”

“பசியா, எனக்கா? சும்மா, இந்தப் பக்கமா நடந்து வந்தேன்.”

“அப்ப நடங்க.”

நடக்க மாட்டார். நின்றபடியே ரொட்டி எப்படி உப்புகிறது என்பதை, வாழ்நாளில் கண்டிராத அதிசயம்போலப் பார்ப்பார். ஃபிதென்சியா ஒன்றைத் தட்டில் போட்டு, “கருகிடுச்சு, நாய்க்குப் போடணும்னு வெச்சேன். வேணும்னா சாப்பிடுங்க” என்று நீட்டுவாள். கருகாத ரொட்டிதான். அவருக்கும் அது தெரியும். “வீணாக்கக் கூடாது பாரு” என்று வாங்கிக்கொள்வார்.

அக்டோபர் நடுவில் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். “உங்க அக்காகிட்டப் பேசினா, வெள்ளக் கோழி சாகக் கிடக்குதுன்னு சொல்லு. அவளுக்கு அந்தக் கோழின்னா உசுரு.”

“கோழி குத்துக்கல்லாட்டம் இருக்கு. நீங்கதான் சாகக் கிடக்கறீங்க. அதச் சொல்லட்டுமா?”

“அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கென்ன?”

அந்த வாரமே பக்கத்து ஊர் வானொலிக்குப் போய்ப் புதுப் பாட்டு ஒன்று பாடினார். பாடுமுன், “சக்காதேகாஸில் இருக்கும் ஒருத்திக்கு” என்று காணிக்கை வேறு. உன்னை நான் மறந்துவிட்டேன், உன் பெயர்கூட நினைவில்லை, உன் பின்னல் நீளம்கூட நினைவில்லை, நீ தாளித்த மிளகாய்ச் சாற்றின் வாசனைகூட நினைவில்லை என்று பாட்டு நீண்டது. மறந்தவற்றின் கணக்கு முடிவதற்குள் செய்தி நேரம் வந்து நிலையத்தார் நிறுத்திவிட்டார்கள்.

இரவு ஒப்துலியா போனில் கூப்பிட்டாள். “கேட்டேன்டீ. ரெண்டாவது அடியில சுருதி எறங்கிடுச்சே. இருமல் ஏதாவது இருக்கா அவருக்கு?”

ஃபிதென்சியா மறுநாள் ரொட்டித் தட்டை நீட்டும்போது அதைச் சொன்னாள். சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தாள், வாய் கேட்கவில்லை.

“இருமலான்னு கேட்டாளா?” அவர் முகத்தில் அடுப்பை ஊதினாற்போல ஒரு ஒளி வந்தது. “அவளே கேட்டாளா? அவ வாயால?” பிறகு ஆட்கள் யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்து, மீசையைச் சரி செய்துகொண்டார். “கேட்டா கேக்கட்டும்.”

ரொட்டியைத் தின்று முடித்தவர் போகவில்லை.

“நீ ஒரு நட உங்க அக்காவப் போய்ப் பாக்கணும், ஃபிதென்சியா.”

“நான் எப்ப போறேன்னு சொன்னேன்?”

“கூடப் பொறந்தவ கண்ணறுத்துக் கெடக்கா. ரத்த பாசம் வேணாமா? ஊர் என்ன பேசும்?” தொண்டையைச் செருமினார். “பொம்பள தனியா அவ்வளவு தூரம் போகக் கூடாது. உனக்குத் துணையா வேணும்னா நான் வரேன்.”

ஃபிதென்சியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தைக்கு மாவு வாங்க மாதத்துக்கு இரண்டு முறை அதே பேருந்தில் தனியாகப் போய்வருகிறவள் அவள். பேருந்துக்கு எங்கே சீட்டு வாங்குவது என்றுகூட அறியாதவர் அவர். “எனக்குப் பயமா இருக்கு” என்று ஒரு பெண் சொன்னதைத் தொண்டை ஓய்வுக்காகத் தட்டிவிட்ட மனிதர், இப்போது துணை வருகிறாராம். ஒரு சொல் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பாதி நரைத்த மீசை, கீழ் ஓட்டையில் மாட்டிய பொத்தான், எல்லாம் கண்ணில் பட்டது. கரண்டியை மறுபடி எடுத்தாள்.

“வியாழக்கிழமை காலையில போகலாம்” என்றாள்.

முழு உடுப்பில் வந்தார். பூட்ஸுக்கு நிக்கனோரின் மனைவியைப் போய்ப் பிடித்திருப்பார் போலிருக்கிறது. ஊக்குக் குத்துமென்பதால் பேருந்தில் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சக்காதேகாஸ்வரை நின்றே வந்தார். “உக்காருங்க பெரியவரே” என்ற இளைஞனிடம், “ஆம்பள நின்னுக்கிட்டே வருவான் தம்பி” என்றார். மலை வளைவுகளில் மட்டும் ஃபிதென்சியாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கிரிசெல்தாவின் வீடு செங்குத்தான கல் சந்தில் இருந்தது. உச்சி வெயில். கதவைத் தட்டுங்கள் என்று ஃபிதென்சியா சொல்ல, அவர் தட்டவில்லை. எதிர்ச் சுவரோரம் போய் நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்து, வாத்தியமில்லை கூட்டமில்லை, தனியாகப் பாட ஆரம்பித்தார். காதலிக்காக ராத்திரியில் ஜன்னலடியில் பாட வேண்டியதைப் பட்டப்பகலில், துணி உலர்த்துகிறவர்களும் குப்பை வண்டிக்காரனும் பார்க்கப் பாடினார். பாட்டு அதே பாட்டுத்தான். வேறு மாதிரிப் பாட அவருக்குத் தெரியாது. எவர் தோளும் வேண்டாம். எவர் தயவும் வேண்டாம். ஒரு நாய் வந்து பூட்ஸை முகர்ந்துவிட்டுப் போயிற்று. மேல்மாடியில் ஒருத்தி, “வேணாம்னா ஏன்யா இங்க வந்து கத்தற?” என்றாள். சந்து முழுக்கச் சிரித்தது. அவர் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. நிறுத்தாமல் பாடி முடித்தார்.

கதவு திறந்தது. ஒப்துலியா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். நீண்ட நாளுக்குப் பிறகு அவரை அவள் கண்ணால் பார்ப்பது அன்றுதான். மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் பார்த்தாள். பாதி நரைத்துப் பாதி கறுத்த மீசை. இளைத்த உடம்பில் தொங்கின கோட்டு. வெயிலில் வடிந்த வியர்வை.

“இவ்வளவு கிழவனாவா ஆயிட்ட?” என்றாள்.

“நான் ஒண்ணும் உன்னக் கூப்பிட வரல” என்றார் தோன் எவாரிஸ்தோ. “உன் தங்கச்சிக்குத் துணையா வந்தேன்.”

“கூப்பிட்டாலும் நான் வரப்போறதில்ல. இனிமே இந்த ஊர்தான் எனக்கு.” அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். “சூப் ஆறுது. பாடறவங்க பாடலாம், சாப்பிடறவங்க வரலாம். தட்ட அவங்கவங்கதான் கழுவணும்.”

திரும்பி உள்ளே போனாள். வா என்று சொல்லவில்லை. உள்ளிருந்து மிளகாய்ச் சாற்றின் வாசனை சந்துக்கு வந்தது.

அவர் அசையாமல் நின்றார். மேல்மாடிக்காரி பார்க்கிறாள், குப்பை வண்டிக்காரன் வண்டியைக்கூட நிறுத்திவிட்டான். ஃபிதென்சியா அவருக்குப் பின்னால், பையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். திரும்பி நடந்தாலும் நடந்துவிடுவார், இந்த ரகத்து ஆட்கள் அப்படி நடந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்:

“தள்ளு.”

“என்னது?”

“தள்ளு ஃபிதென்சியா. எல்லாரும் பாக்கறாங்க. தள்ளு.”

ஃபிதென்சியா பையைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் அவர் முதுகில் பதித்து, அவர் கேட்டதைவிடப் பலமாகவே தள்ளினாள். “விடு பொம்பள! விடுங்கறேன்! நான் வரமாட்டேன்!” என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கூவிக்கொண்டே, தோன் எவாரிஸ்தோ நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, விறுவிறுவென்று உள்ளே போனார்.